பிள்ளை தூங்கியும் தாய் தூங்கவில்லையா? பிரசவத்துக்குப் பிறகு வரும் மனநோய்கள் பற்றி எங்கள் பக்கத்தில் கேட்கும் கேள்விகள்

என் தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் இந்த நோய் வந்தது. என்னவென்று புரியாமல் மூன்று நாளை வீணாக்கினோம். அவள் சுகமான பிறகு, இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு வாவியின் இரு பக்கமும், மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலும், தாய்மார் கூடும் இடங்களில் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். கல்முனை, சம்மாந்துறைப் பக்கமும் போயிருக்கிறேன். எங்கே போனாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான். நான் டொக்டர் இல்லை. டொக்டர்மாரிடமும் மிட்வைஃப்மாரிடமும் கேட்டுத் தெளிந்ததையும், வீட்டில் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்து மூன்றாம் நாளிலிருந்து மகள் சும்மா சும்மா அழுகிறாள். இது நோயா?

பெரும்பாலும் இல்லை. பிள்ளை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் இப்படி அழுகை வரும். பால் கட்டத் தொடங்கும் நாட்களில், மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, உடம்பில் ஹோர்மோன்கள் சட்டென்று இறங்குவதால் வருவது. ஒரு சொல் பொறுக்காது, கண் நிறைந்துவிடும். அரை மணி நேரத்தில் சிரிப்பாள். பிள்ளையை அணைப்பாள், பசித்தால் சாப்பிடுவாள், தூங்க இடம் கிடைத்தால் தூங்குவாள். இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். மருந்து வேண்டாம். சோறும் தூக்கமும், "ஏன் அழுகிறாய்" என்று அதட்டாத ஆட்களும் பக்கத்தில் இருந்தால் போதும்.

இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை என்றால் கதை வேறு. தூக்கம் அடியோடு போய்விட்டது என்றால் இரண்டு வாரம் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது.

அப்படியானால் மனப்பிறழ்வு என்பது எது?

டொக்டர்மார் சைக்கோசிஸ் என்று சொல்வதைத்தான் மனப்பிறழ்வு என்கிறோம். எது நடப்பு, எது நினைப்பு என்று பிரித்தறிய முடியாமல் போகும் நிலை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. கேட்க அரிதாகத் தோன்றும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வருடத்துக்கு எத்தனை ஆயிரம் பிள்ளை பிறக்கிறது என்று கணக்குப் பார்த்தால், நம் மாவட்டங்களில் ஒவ்வொரு வருடமும் சில வீடுகளுக்காவது இது வரும் என்பது விளங்கும்.

வரும் வேகம்தான் இதன் பயங்கரம். பெரும்பாலும் பிரசவமாகி முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிடும். சிலருக்கு இரண்டாம் மூன்றாம் நாளிலேயே. காலையில் நன்றாக இருந்தவள் இரவுக்குள் வேறு ஆளாகிவிடுவாள். தூக்கம் போகும், ஆனால் களைப்பே தெரியாது. பேச்சு வேகமாகும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். யாரோ கூப்பிடுவது போல் கேட்கும். தேநீரில் விஷம் கலந்திருக்கிறார்கள், பிள்ளையை மாற்றிவிட்டார்கள், இந்தப் பிள்ளை சாமிப் பிள்ளை, இப்படி ஏதாவது ஒன்றை அசைக்க முடியாமல் நம்புவாள். சிலர் எதிர்மாறாகப் பேச்சு மூச்சின்றி ஒரு பக்கம் பார்த்தபடி இருந்துவிடுவார்கள். நாள், கிழமை, இடம் கூடக் குழம்பலாம்.

இந்த நோய் இறங்கி ஏறும். இரண்டு மணி நேரம் தெளிவாகக் கதைப்பாள். வீட்டார் "ஆ, சரியாகிட்டுது" என்று மூச்சு விடுவார்கள். நாங்களும் விட்டோம்.

உங்கள் தங்கைக்கு எப்படித் தொடங்கியது?

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் அவள் பிள்ளை பெற்று வந்து படுத்ததும் அம்மாவோடுதான். அம்மா சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைத்தா, வெந்நீர் வைத்துக் குளிக்க வார்த்தா. ஒரு குறையும் இல்லை.

நாலாம் நாள் இரவு இரண்டு மணிக்குக் கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தம். போய்ப் பார்த்தால் இவள் பிள்ளையின் துணிகளை எல்லாம் துவைத்துக்கொண்டிருக்கிறாள். அதே துணிகளை அம்மா பின்னேரம்தான் துவைத்து மடித்து வைத்திருந்தா. "நித்திரை வரல்லக்கா, உடம்பில நல்ல சக்தி இருக்கு" என்றாள். முகம் பளபளவென்று இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மூன்று தையல் போட்டவள் இவ்வளவு உசாராக இருக்கிறாளே என்று.

மறுநாள் ஒரு பாடசாலைக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினாள். பிள்ளை எத்தனை தரம் கண் சிமிட்டியது, எந்தப் பக்கம் பார்த்தது, பக்கம் பக்கமாக. பின்னேரம் என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னாள்: "இது என்ர புள்ளைர கண் இல்ல. வார்ட்டில மாத்திப் போட்டாங்க." பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியது. அவள் தூங்கவில்லை. அன்றோடு இரண்டு இரவு.

அந்தக் கொப்பி இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. முதல் பக்கத்தில் எழுத்து வரிக்குள் நிற்கிறது. ஐந்தாம் பக்கத்தில் வரியை விட்டு ஏறுகிறது.

இது பேய் பிடித்ததா? சன்னியா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் ஒருநாளும் குறைவாக நினைப்பதில்லை. எங்கள் வீட்டிலும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். பிள்ளை பெற்றவள் துடக்கோடு இருக்கிறாள், இரவில் வெளியே இறங்கிவிட்டாள், பார்வை பட்டிருக்கும் என்று தண்ணீர் ஓதித் தெளித்து, நூல் கட்டி, இன்னொரு ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கும் ஒரு இரவு. மூன்று நாள் இப்படித்தான் போனது.

நம் அம்மன் கோயில் சடங்குகளில் தெய்வம் ஏறி ஆடுபவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே தெய்வம் வருவதற்கு ஒரு நேரம் இருக்கிறது, பறை இருக்கிறது, சுற்றி ஊர் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் முகம் கழுவி வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று தூங்குவார்கள். இங்கே முடிவே இல்லை. சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் ஆட்களுக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம்.

சன்னி என்ற பழைய சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரசவச் சன்னி என்று நம் பெரியவர்கள் சொன்னதில் குறைந்தது மூன்று நோய் கலந்திருந்தது. கருப்பையில் கிருமி தொற்றிக் காய்ச்சல் மூளைக்கேறிப் பிதற்றுவது ஒன்று. இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது இன்னொன்று. மூன்றாவதுதான் இந்த மனப்பிறழ்வு. வெளிப் பார்வைக்கு மூன்றையும் பிரித்தறிவது கஷ்டம். மூன்றுமே உயிர் போகக்கூடியவை. மூன்றுக்கும் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான். பெரியவர்கள் "சன்னி கண்டிட்டுது" என்றால் சண்டை பிடிக்க வேண்டாம். "ஓம், அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம்" என்று சொல்லி வண்டியை எடுங்கள்.

கோயிலுக்கு நேர்த்தி வைப்பதையோ, பள்ளியில் துஆ கேட்பதையோ யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவள் வார்ட்டில் மருந்தோடு படுத்திருக்கும்போது அதைச் செய்யலாம். அடித்துப் பேயோட்டுவது, மிளகாய்ப் புகை பிடிப்பது, கட்டி வைப்பது மட்டும் கூடவே கூடாது. அவள் பிள்ளை பெற்று ஒரு வாரமான பச்சை உடம்பு.

எதனால் வருகிறது? பத்தியம் முறித்ததாலா? தலை முழுகியதாலா?

இல்லை. கணவனோடு சண்டை பிடித்ததால் வந்ததும் இல்லை, பிள்ளையில் ஆசை இல்லாததால் வந்ததும் இல்லை. பிரசவத்தோடு ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹோர்மோன்களும் மளமளவென்று இறங்குகின்றன. அதோடு தூக்கமும் கெடுகிறது. பிறவியிலேயே அதற்கு இடம் கொடுக்கக்கூடிய மூளை உள்ள சிலருக்கு இந்த இரண்டும் சேர்ந்து நோயைக் கிளப்பிவிடுகின்றன. இருமுனை மனநோய், அதாவது சில காலம் அளவு மீறிய உற்சாகமும் சில காலம் ஆழ்ந்த சோர்வுமாக வரும் நோய், முன்பே உள்ளவர்களுக்கு ஆபத்து மிக அதிகம்: ஐந்து பேரில் ஒருவருக்காவது வருகிறது. தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இது வந்திருந்தாலும் கவனம் வேண்டும். ஆனால் ஒரு மனநோயும் முன்னால் இல்லாத பலருக்கும் வருகிறது. என் தங்கை அப்படித்தான்.

1858இலேயே லூயி விக்டர் மார்சே என்ற பிரெஞ்சு வைத்தியர் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோய்களைப் பற்றித் தனி நூலே எழுதிவிட்டார். புதிதாக வந்த நாகரிக நோய் என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது, இந்த இரவில், வீட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாள். என்ன செய்வது?

விடியும் வரை காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். "பிள்ளை பிறந்து இத்தனை நாள், தூங்கி இத்தனை நாள், குழப்பமாகக் கதைக்கிறாள்" என்று மூன்றையும் சொல்லுங்கள். வண்டி வர முந்தி உங்களிடம் ஓட்டோவோ வானோ இருந்தால் கிட்டிய ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். அங்கிருந்து மனநோய் வைத்தியர் இருக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாங்கள் பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் வந்தபோது விடியற்காலை நாலரை மணி. அந்தப் பயணத்தை மூன்று நாள் முந்தி வந்திருக்க வேண்டும்.

அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். கிணறு, கத்தி, மருந்து, பூச்சிநாசினி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். "நீ சொல்றது பொய்" என்று வாதாட வேண்டாம், "ஓம் பேய்தான்" என்று ஒத்தூதவும் வேண்டாம். "நித்திரை இல்லாம களைச்சுப் போயிட்டாய் புள்ள, நித்திரைக்கு மருந்து எடுப்பம்" என்பது உண்மையும்தான், அவள் ஏற்கக்கூடிய சொல்லும்தான். கர்ப்ப காலப் பதிவு அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

உங்கள் மிட்வைஃபின் போன் இலக்கம் வீட்டில் இருக்கட்டும். முதல் பத்து நாளுக்குள் அவ இரண்டு தரமாவது வீட்டுக்கு வருவா. வரும்போது பிள்ளையின் தொப்புளை மட்டும் காட்டி அனுப்பாதீர்கள். "தாய் நித்திரை கொள்றாவா" என்பதற்கும் பதில் சொல்லுங்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

ஒரு விஷயம். நாங்கள் முதலில் போன ஓரிடத்தில் "முதல் பிள்ளைதானே, பயம்" என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அப்படி நடந்தால் நகராதீர்கள். எத்தனை இரவாகத் தூங்கவில்லை, என்ன சொன்னாள் என்பதைத் திரும்பவும் சொல்லுங்கள். நான் கொப்பியைக் காட்டினேன்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் உடம்பைப் பார்ப்பார்கள்: காய்ச்சல், இரத்த அழுத்தம், கிருமித்தொற்று, தைரொயிட், இரத்தச் சோகை. சில நேரம் மூளையை ஸ்கேன் செய்வார்கள். பிறகு அனுமதித்து, குழப்பத்தை அடக்கி மனதை நிலைப்படுத்தும் மருந்தும் தூக்கத்துக்கு மருந்தும் தொடங்குவார்கள். தங்கை முதல் தரம் ஒன்பது மணி நேரம் தூங்கினாள். எழும்பி அவள் கேட்ட முதல் கேள்வி, "புள்ள பால் குடிச்சிதா?"

மருந்துக்கு மசியாவிட்டால், அல்லது உயிருக்கு ஆபத்தென்றால், மின் சிகிச்சை கொடுக்கலாம். நம் ஆட்கள் "கரண்ட் பிடிக்கிறது" என்று பயப்படுவது இதைத்தான். மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், அவளுக்கு நோவு தெரியாது. இந்த நோய்க்கு அது நன்றாக வேலை செய்கிறது.

கடுமையான கட்டம் சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் அடங்கும். முழுதாகப் பழைய ஆளாக ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுக்கலாம். குழப்பம் தெளிந்த பிறகு ஒரு சோர்வு வரும், பலருக்கு வருகிறது; அதைக் கண்டு "மருந்துதான் இவளை இப்படியாக்கிட்டுது" என்று நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கில் சொன்னால் மருந்தை மாற்றுவார்கள்.

மருந்து எடுத்துக்கொண்டு பால் கொடுக்கலாமா?

மருந்தைப் பொறுத்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சேர்ட்ரலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே போகின்றன. பெரும்பாலும் பால் கொடுக்கலாம். மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் ஒலன்சபின் எடுப்பவர்களும் பிள்ளை அதிகம் தூங்கி வழிகிறதா என்று கவனித்துக்கொண்டு கொடுப்பதுண்டு. லித்தியம், குளோசபின் எடுக்கும்போது பொதுவாகப் பால் வேண்டாம் என்பார்கள். நீங்களாக முடிவெடுக்காமல் "நான் பால் கொடுக்கிறேன்" என்று டொக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

பால் கொடுக்க முடியாமல் போனால் ஊர் ஏதோ சொல்லும். தூங்கித் தெளிந்த தாய், புட்டிப்பால் குடித்த பிள்ளை, இருவரும் உயிரோடு இருப்பதைவிட எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பிள்ளையை அவளிடம் விடலாமா?

நோய் கடுமையாக இருக்கும்போது தனியாக விடக் கூடாது. கெட்ட தாய் என்பதால் இல்லை. பிள்ளைக்குள் வேறொன்று புகுந்திருக்கிறது, அதைக் காப்பாற்றுகிறேன் என்று நம்பி ஏதாவது செய்துவிடக்கூடும். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. அதே நேரம் முற்றாகப் பிரித்து ஒளித்து வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருக்க, தொடட்டும், மணக்கட்டும். தெளிவு வரவர நேரத்தைக் கூட்டலாம்.

குழப்பம் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதமாக அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

அது மனச்சோர்வாக இருக்கலாம். மனப்பிறழ்வைவிடப் பல மடங்கு அதிகம் வருவது இதுதான். ஏழெட்டுத் தாய்மாரில் ஒருவருக்கு. சத்தம் போடாத நோய் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. சமைப்பாள், பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், கேட்டால் "ஒண்டுமில்ல" என்பாள். நம் பெண்கள் "மனம் சோர்ந்திருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு அடைக்குது", "தலை பாரம்", "கை கால் உளைவு", "பால் காணாது" என்று உடம்பைச் சொல்லித்தான் வருவார்கள். நாலு தரம் கிளினிக்குக்கு வந்து நாலு தரமும் பனடோலோடு போனவள் ஒருத்தியை எனக்குத் தெரியும். ஐந்தாம் தரம் ஒரு மிட்வைஃப் கதவைச் சாத்திவிட்டு, "புள்ள தூங்கினா உனக்குத் தூக்கம் வருதா மகள்?" என்று கேட்டா. அவள் இருந்த இடத்திலேயே உடைந்து அழுதாள்.

இதற்கென்று பத்துக் கேள்வி கொண்ட எடின்பரோ வினாத்தாள் ஒன்று 1987இல் வந்தது. தமிழிலும் சிங்களத்திலும் இருக்கிறது. போன ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். கிளினிக்கில் தந்தால் மாமி பக்கத்தில் நின்று பார்க்காமல் தனியே இருந்து நிரப்புங்கள். கடைசிக் கேள்வி, உங்களுக்கு நீங்களே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு "ஓம்" என்று அடையாளமிட்டால் பிள்ளையைப் பறிக்க மாட்டார்கள். அன்றைக்கே உதவி கிடைக்கும்.

லேசாக இருந்தால் ஆலோசனையும், வீட்டு வேலையைப் பிரித்துக்கொள்வதும், இரவில் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுவதும் போதும். கடுமையென்றால் மருந்து. பழக்கமாகிவிடும் மருந்தல்ல அது. வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் எடுக்கும், அதற்குள் கைவிடக் கூடாது. வீட்டில் அடி உதை இருந்தால், கணவனின் குடி இருந்தால், மருந்தோடு அதையும் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

"பிள்ளையைக் கிணற்றில் போட்டுவிடுவேனோ" என்று திடீர் திடீரென்று நினைப்பு வருகிறது. நான் பைத்தியமா?

இல்லை. அந்த நினைப்பு வந்ததும் நடுங்குகிறீர்கள், கிணற்றடிக்கே போகாமல் சுற்றிப் போகிறீர்கள், அல்லவா? அது பதற்றத்தால் வரும் வேண்டாத எண்ணம். மிக அதிகமான தாய்மாருக்கு வருகிறது. வெட்கத்தில் யாரும் சொல்வதில்லை. மனப்பிறழ்வில் அந்த நினைப்பு சரியென்றே தோன்றும், பயம் இருக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் அதுதான். நாள் முழுக்க விடாமல் வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், குறைக்க வழி இருக்கிறது.

கணவர் கட்டாரில். என்ன செய்ய முடியும்?

வீடியோ அழைப்பில் பிள்ளையின் முகத்தை மட்டும் பார்க்காமல், "எத்தனை மணி நேரம் தூங்கினாய்" என்று கேட்கலாம். காசை அனுப்பி இரவுக்கு ஒரு ஆளைப் பிடித்துக் கொடுக்கலாம்.

வெளியில் தெரிந்தால் தங்கச்சிமாரின் கல்யாணம் குழம்பாதா?

இந்தப் பயத்தால்தான் எங்கள் வீட்டிலும் அந்த மூன்று நாளில் ஒரு நாள் போனது. ஊர் இரண்டு மாதம் கதைத்தது. பிறகு வேறு கதைக்குப் போய்விட்டது.

நடந்ததெல்லாம் அவளுக்கு நினைவிருக்குமா?

துண்டு துண்டாக. தங்கைக்கு நூல் கட்டியது நினைவிருக்கிறது, அம்புலன்ஸ் நினைவில்லை. ஒன்றரை வருடம் கழித்து ஒருநாள் கொப்பியைக் கேட்டாள். கொடுக்கலாமா என்று யோசித்துவிட்டுக் கொடுத்தேன். வாசித்து முடித்து, "பாவம் இவள்" என்றாள், வேறு யாரையோ சொல்வது போல.

இன்னொரு பிள்ளை பெறலாமா?

பெறலாம், திட்டத்தோடு. ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அடுத்த பிரசவத்திலும் வரலாம். அதனால் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மனநோய் வைத்தியரைப் பாருங்கள். மனதை நிலைப்படுத்தக் கொடுக்கும் வல்புரோவேற் என்ற மருந்து கருவிலிருக்கும் பிள்ளைக்குக் கெடுதல். அதை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஆனால் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே பயத்தில் எல்லா மருந்தையும் நிறுத்துவது அதைவிட ஆபத்தாகலாம். கர்ப்பப் பதிவின்போதே மிட்வைஃபிடமும் சுகாதார வைத்திய அதிகாரியிடமும் "முதல் பிள்ளைக்கு இப்படி வந்தது" என்று சொல்லி அட்டையில் எழுதச் செய்யுங்கள். சிலருக்குப் பிரசவமான அன்றே மருந்து தொடங்குவார்கள்.

தங்கைக்கு இரண்டாவது பிறந்தபோது நாங்கள் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அம்மா, ஒரு மணியிலிருந்து ஐந்து வரை நான், பால் கொடுக்க ஒரு தரம் மட்டும் அவளை எழுப்புவது, மற்ற நேரம் கறந்து வைத்த பால். மச்சானுக்கு விடியற்காலை முறை. கீழே 1990, வார்ட்டின் இலக்கம், மிட்வைஃபின் இலக்கம். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு நான் கிணற்றடிப் பக்கம் காது கொடுத்தபடியே இருந்தேன். உள்ளே அவளுடைய குறட்டைச் சத்தம்தான் கேட்டது.